பக்கவாதம் வந்த பெண்ணுக்குத் தாம்பத்திய ஆசை இருக்குமா?

கேட்டிருப்பவர் கணவராகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊர் பேர் தெரியாத எங்களிடம் கேட்பதற்கு முன் மனைவியிடமே கேட்டிருக்கலாம். பேச்சு வராவிட்டாலும் தலையாவது அசைத்திருப்பார்.

இருக்கும். எனக்கு இருந்தது, இருக்கிறது.

43 வயதில் எனக்கு மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. குளிப்பாட்டியது, கழிப்பறைக்குத் தாங்கிச் சென்றது, நைட்டி மாட்டிவிட்டது எல்லாம் என் கணவர்தான். சொந்தக்காரர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் காலையில் எனக்குக் கால் கழுவிவிட்டவருக்கு இரவில் என்னைத் தொடக் கூச்சம். எனக்கும்தான். தொட்டால் மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்.

குளிப்பாட்ட ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தோம். வசதி உள்ளவர்கள் பேச்சு என்பீர்கள். என் வளையலை அடகு வைத்த பணம் அது. அதன் பிறகுதான் அவரால் என் பக்கத்தில் சும்மா உட்கார முடிந்தது. ரவிக்கைக் கொக்கிகளை எடுத்துவிட்டு வெல்க்ரோ தைக்கச் சொன்னேன். நைட்டியை விட்டு வெளியே வந்த பிறகு கண்ணாடியில் என்னைப் பார்க்கத் தோன்றியது.

தாம்பத்தியம் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் குழறிக்கொண்டே நான்தான் கேட்டேன். பதிலை அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிகிற உடம்பென்றால் பயமில்லையாம். கால் விழுந்தவளுக்கு மாடிப்படிக் கணக்கு! இதயத்தின் தெம்பைச் சொல்கிறார் என்று பிறகு விளங்கியது. மனச்சோர்வுக்குத் தந்திருந்த செர்ட்ராலின் ஆசையை மழுங்கடிக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும் என்பதும் கேட்ட பிறகே வந்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மாற்றித் தருவார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை மட்டும் கூடவே கூடாது. அமெரிக்க இதய சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், வீட்டுக்கு அனுப்பும் முன்பே தம்பதியிடம் தாம்பத்தியம் பற்றிப் பேச முன்வரலாம் என்கிறது. எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னதோடு சரி.

மற்றபடி, எனக்கு வலப்பக்கம் மரத்திருக்கிறது, அதனால் அவர் இடப்பக்கம் வருகிறார். வலது தோளுக்கும் முழங்காலுக்கும் தலையணை. இரவுக்குள் உடம்பு ஓய்ந்துவிடுவதால் விடியற்காலைதான் தோது.

தாங்கிப் பிடித்தவரையே குறை சொல்கிறாளே என்று கிளம்புகிறவர்களுக்கு: அவர் படித்துப் பார்த்த பிறகுதான் இதைப் பதிவிடுகிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இடக்கையால் கையெழுத்துப் போடுகிறேன். பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கியில், "சார், மேடத்தை ரேகை வைக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள். மேடம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எம்.காம். படித்தவள். புது மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனால் டாக்டருக்கு நேர் எதிர் நாற்காலியில் உங்கள் மனைவியை உட்கார வையுங்கள். நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்.