கிணத்து நீச்சல் ஸ்கூபாவுக்குப் போதுமா?

கேள்வி: எனக்கு சோழவந்தான் பக்கம். சின்ன வயசுல இருந்து தோட்டத்துக் கிணத்துலதான் நீச்சல், முங்கி அடிமண்ணை எடுத்துட்டு வர்ற அளவுக்கு மூச்சடக்குவேன். அடுத்த மாசம் அந்தமான் போறோம், அங்க ஸ்கூபா, அதான் முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு கடலுக்கடியில போறது, அந்தக் கோர்ஸ் சேர ஆசை. 200 மீட்டர் நீந்திக் காட்டணுமாமே, ஃப்ரீஸ்டைல் எல்லாம் எனக்குத் தெரியாதே? வீட்டம்மாவுக்கு நீச்சலே வராது, அவங்களும் இறங்கலாமா?

பதில்: தாராளமா சேரலாம் தம்பி. பி.ஏ.டி.ஐ.ங்கிற டைவிங் அமைப்போட ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்பக் கோர்ஸ்ல ஒண்ணு 200 மீட்டர் நிக்காம நீந்தணும், இல்லைன்னா மாஸ்க், ஸ்நார்க்கெல் (மூச்சு விடுற குழாய்), ஃபின்ஸ் (காலுக்கு மாட்டுற துடுப்பு) போட்டுக்கிட்டு 300 மீட்டர். எந்த ஸ்டைல்னு கேக்க மாட்டாங்க, நேரக்கணக்கும் கிடையாது, தலையைத் தூக்கிக்கிட்டு கிணத்து நீச்சல் அடிச்சாலும் ஓகேதான். அப்புறம் எதையும் பிடிக்காம 10 நிமிஷம் மிதக்கணும், மல்லாக்கப் படுத்துக்கூட மிதக்கலாம், கடல் உப்புத்தண்ணி கிணத்தை விட கொஞ்சம் கூடவே தூக்கும்.

ஆனா கிணத்துல நாலு கை போட்டா எதிர்ச்சுவர் வந்துரும், பிடிச்சு மூச்சு வாங்கிக்குவோம், அதனால 200 மீட்டர் நிக்காம தாங்குமான்னு உங்களுக்கே தெரியாது. மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்துல போயி அடிச்சுப் பாத்துருங்க, 25 மீட்டர் நீளம்னா 8 தடவை, மெதுவாப் போனாப் போதும்.

உங்க விஷயத்துல எனக்கு பயமே அந்த மூச்சடக்குற பழக்கம்தான். கிணத்துல மேல இழுத்த காத்தோட முங்குறீங்க, கீழ போகப் போக அது சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கே வந்துரும், ஒண்ணும் ஆகாது. ஸ்கூபால அப்படி இல்லை, சிலிண்டர்ல இருந்து அந்த ஆழத்து அழுத்தத்துலயே காத்து வருது, 10 மீட்டர் ஆழத்துல நெஞ்சு நிறைய இழுத்துட்டு வாயை மூடிக்கிட்டு மேல வந்தீங்கன்னா அந்தக் காத்து ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரல் கிழிஞ்சுரும், ஒண்ணு ரெண்டு மீட்டர்லயே ஆபத்து வரலாம். அதனால கீழ இருக்குறப்ப மூச்சை நிறுத்தவே கூடாது, கிணத்துல பேர் வாங்குன ஆளுங்களுக்குத்தான் இது சட்டுனு வராது, முதல் நாளே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லி வைங்க.

வீட்டம்மாவுக்கு டிஸ்கவர் ஸ்கூபான்னு ஒண்ணு இருக்கு, நீச்சல் டெஸ்ட் கிடையாது, இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்கு மேல ஆழம் போக மாட்டாங்க. தண்ணியைக் கண்டாலே நடுங்குற ஆளா இருந்தா வற்புறுத்தாதீங்க, கரையில உக்காந்து போட்டோ எடுக்கட்டும்.

மெடிக்கல் ஃபார்ம் ஒண்ணு தருவாங்க, ஆஸ்துமா, காது, நெஞ்சுன்னு ஏதாவது இருந்தா டாக்டர் கையெழுத்து கேப்பாங்க, அதை மதுரையிலயே முடிச்சுட்டுப் போங்க, அங்க போயி அலையாதீங்க. திரும்புற ஃப்ளைட்டுக்கும் கடைசி டைவுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது இருக்குற மாதிரி டிக்கெட் போடுங்க.