மனநோயும் மார்க்கச் சட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: ஹஜ்ரத், உளூ (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்வது) செய்து முடித்ததுமே முறிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. திரும்பத் திரும்பச் செய்வதில் தொழுகை நேரமே தப்பிவிடுகிறது.

பதில்: ஒருமுறை முறையாகச் செய்துவிட்டால் உளூ இருப்பது உறுதிம்மா. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது. காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகித்தவருக்கு, சத்தமோ வாடையோ உணராதவரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்று நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. நீங்கள் திரும்பச் செய்வதைப் பேணுதல் என்று நினைக்காதீர்கள். அது வஸ்வாஸ், மனதை விடாமல் அரிக்கும் சந்தேகம். பழைய முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934) இதை மனதின் நோய்களில் ஒன்றாக வைத்துச் சிகிச்சை எழுதியிருக்கிறார். மனநல மருத்துவரைப் பாருங்கள். ஈமான் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பைபோலாருக்கு (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடும் என் தம்பி நோன்பு வைக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வைக்கக்கூடாது. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். நோன்புக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. நோயாளிக்கான சலுகை குர்ஆனிலேயே (2:184) இருக்கிறது. பிறகு வைக்க முடிந்தால் களா, அதாவது விட்டதைப் பின்னர் நிறைவேற்றுவது. முடியவே முடியாது என்றால் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு. வீட்டில் யாரும் அவரைக் குத்திப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் இரண்டு மாதம் சுயபுத்தி இல்லாமல் இருந்தார். அப்போது விட்ட தொழுகை? அப்போது சொன்ன தலாக்?

பதில்: தொழுகைக்குக் களா இல்லை, தலாக்கும் செல்லாது. புத்தி தெளியும்வரை அவர்மேல் எதுவும் எழுதப்படுவதில்லை என்பது ஹதீஸ். வெறும் கோபத்தில் சொன்னது வேறு விஷயம், அதை இதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வில் இருந்த அக்கா மகன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழக்கூடாது என்கிறார்கள்.

பதில்: தொழ வேண்டும். ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் (மார்க்கச் சட்டப் பிரிவுகள்) நிலை இதுதான். தற்கொலை செய்த ஒருவருக்கு நபி (ஸல்) தாமே தொழவில்லை என்பது உண்மை. அது மற்றவர்களுக்கு எச்சரிக்கை, ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) தொழுதார்கள் என்று ஹதீஸ் விளக்கவுரையாளர் இமாம் நவவீ விளக்குகிறார். இன்னொரு ஹதீஸும் முஸ்லிமில் இருக்கிறது. நபித்தோழர் துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் (குடிபெயர்ந்து) வந்த ஒருவர், நோய் தாங்காமல் விரல் மூட்டுகளை அறுத்துக்கொண்டு இறந்தார். அவருக்காக நபி (ஸல்) கேட்ட துஆ: "யா அல்லாஹ், அவருடைய கைகளையும் மன்னிப்பாயாக." அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அவன் எப்படிப் போனான் என்று துக்கம் கேட்க வருகிறவர்கள் அவரைத் துருவ வேண்டாம்.