'ஐ7 கம்ப்யூட்டர் 52,000 ரூபாய்': கொடேஷனில் எழுதாமல் விட்டது என்ன?

கரூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிளஸ் டூ முடித்த என் மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டுமாம். காலேஜ் பாடத்துக்கும் ஆகும் என்கிறான். 70,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கடையில் கொடேஷன் வாங்கினோம். ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஆர்ஜிபி கேபினட் வித் எஸ்எம்பிஎஸ், மொத்தம் 52,000. பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி. மகனோ இதெல்லாம் வேண்டாம், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிக்கொள்கிறேன் என்கிறான். அவனை நம்பலாமா? வீட்டில் இருக்கும் பழைய மானிட்டர் போதுமா?"

மகனைத் தாராளமாக நம்புங்கள். நம்பக்கூடாதது அந்தக் கொடேஷனைத்தான்.

அதில் ஒரு பொருளுக்குக்கூட முழுப்பெயர் இல்லை. ஐ7 என்பது ஒரு பிராசஸரின் பெயர் அல்ல. இன்டெல் 2008 முதல் விற்றுவந்த ஒரு வரிசையின் பெயர். பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ7-2600 என்றால் 2011இல் வந்தது, 3770 என்றால் 2012, 4770 என்றால் 2013. கடைசி மூன்று இலக்கத்தை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள், எத்தனையாவது தலைமுறை என்று தெரிந்துவிடும். 2600 இரண்டாம் தலைமுறை, 12400 பன்னிரண்டாம் தலைமுறை. இந்த விலைக்கு எண் போடாமல் 'ஐ7' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் அது கம்பெனிகள் கழித்துக்கட்டிய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். அதற்குப் பொருந்தும் எச்61, எச்81 மதர்போர்டுகள் மட்டும் இன்றும் புத்தம் புதிதாக, அட்டைப்பெட்டியோடு கிடைக்கின்றன. மேசைமேல் வைத்தால் எல்லாமே புதுசு மாதிரிதான் தெரியும். 2022இல் வந்த சாதாரண ஐ3-12100 இந்தப் பழைய ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். ஆனால் 'ஐ3' என்று சொன்னால் வாங்குபவர் முகம் சுருங்குகிறது, 'ஐ7' என்றால் மலர்கிறது. கடைக்காரருக்கு அது போதும்.

வேகம் போகட்டும், இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய போர்டில் இது இருக்காது. கடையில் அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும் வித்தை தெரியும், விண்டோஸ் 11 போட்டே கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து வேலரன்டைத் திறந்தால் 'விஏஎன் 9001' என்று பிழை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 இல்லாமல் அந்த கேம் ஓடாது. எந்த விளையாட்டுக்காக வாங்கினீர்களோ அதுவே திறக்காது.

அடுத்து அந்த '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு'. பெயர் சொல்லாத 4 ஜிபி கார்டு என்றால் எனக்கு உடனே ஜிடி 730 தான் ஞாபகம் வரும். 2014இல் வந்தது, கேமுக்காகச் செய்ததும் அல்ல. அதில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. கார்டில் எத்தனை ஜிபி என்பது அதன் வேகத்தைச் சொல்லாது. லாரியின் டீசல் டேங்க் எவ்வளவு பெரிது என்று கேட்டு அது எவ்வளவு சுமை இழுக்கும் என்று முடிவு செய்ய முடியுமா?

பெயர் சொன்னாலும் உஷாராக இருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. இரண்டாவது மெமரியில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சிப்பின் திறனிலும் குறைந்தது. ஆர்டிஎக்ஸ் 3060-லும் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் '2048எஸ்பி' என்று பொடி எழுத்தில் இருந்தால் அது நிஜத்தில் ஒரு படி கீழே உள்ள 570. இந்தப் பெயர்களை வைத்தது கடைக்காரர் அல்ல, தயாரிக்கும் கம்பெனிகளேதான். அவர்களைக் கேட்பார் யாரும் இல்லை. பழைய கார்டு வாங்கவே வேண்டாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் துடைத்துச் சந்தைக்கு வந்தன, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சரி, 70,000-க்கு என்ன வாங்கலாம்? மொத்தப் பணத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்கு. ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, இவற்றில் வாங்கும் வாரம் அந்தத் தொகைக்குள் எது வருகிறதோ அது. பிராசஸர் ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெல்லின் ஐ5-12400. ஐ5-இல் 'எஃப்' என்று முடிவது சில நூறு ரூபாயாவது மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள் டிஸ்பிளே வசதி இருக்காது. கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால், திரும்பி வரும்வரை கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். காலேஜ் வேலைக்கும் இதே கம்ப்யூட்டர்தான் என்கிறீர்கள், எஃப் இல்லாததையே எடுங்கள். ராம் 16 ஜிபி போதும், ஆனால் ஒரே 16-ஆக இல்லாமல் இரண்டு 8-ஆக வாங்குங்கள். இரண்டு குச்சி போட்டால்தான் இரண்டு வழியாகவும் தகவல் ஓடும். ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, அதனால் கடையில் ராமை முதலில் விலை கேளுங்கள். ஹார்டு டிஸ்கை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் கொஞ்சம் பெரிய என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் வேகமான வகை) எஸ்எஸ்டியாக வாங்கலாம்.

இப்போது எனக்குக் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன்: 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்'. கண்ணாடிக் கதவும் கலர் கலராக விளக்கும் உள்ள பெட்டிக்குள், கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இலவசம் போலச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மேலே 450 வாட், 500 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அது ஸ்டிக்கரின் வாட். கேம் ஓடும்போது கார்டு திடீர் திடீரென்று மின்சாரத்தை இழுக்கும், அப்போது இது திணறிக் கம்ப்யூட்டர் அணைந்துபோகும். வெடித்தால் போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும். நாற்பது சதவீதம் கொட்டிய கார்டை இதன் தயவிலா விடுவது? பெயருள்ள கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், ஐந்து வருஷ வாரண்டி உள்ளதைத் தனியாக வாங்குங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரைதான், தரத்துக்கு முழு உத்தரவாதம் அல்ல. அதனால்தான் வாரண்டி வருஷத்தையும் பார்க்கச் சொல்கிறேன். அதே சமயம் 750, 850 வாட் என்று தலையில் கட்டினாலும் வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பதே 115 வாட்தான்.

வீட்டு வயரிங்கையும் பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக் கொடு என்று சண்டைக்கு வருபவர்கள் நிறையப் பேர். முக்கால்வாசி நேரம் அந்தப் பிளக்கில் எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் அணையும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்குப் பெரிய தொகை மிச்சமாகும் இடம் அது. மகன் விளையாடப்போவது உண்மையிலேயே வேலரன்டும் எப்போதாவது ஜிடிஏ 5-உம்தான் என்றால், இப்போதைக்கு கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி போல 'ஜி' என்று முடியும் பிராசஸருக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்கைக் குறைத்து வைத்தால் வேலரன்ட் நன்றாகவே ஓடும், ஜிடிஏ 5 சமாளிக்கும். ஆனால் சில நிபந்தனைகள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தன் மெமரியை ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது, ஆகவே இங்கே இரண்டு குச்சி ராம் கட்டாயம். பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதே நல்லதாக வாங்க வேண்டும். 5600ஜி-க்குள் இருக்கும் கேஷ் மெமரி (அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் இடம்) 16 எம்பி, சாதாரண 5600-இல் 32. அதனால் நாளை கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு இது வராது. ஆறு மாதத்தில் கார்டு போட்டுவிடுவேன் என்றால் ஜி வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றால் வாங்கலாம். புது வரிசையில் 8500ஜி-யைக் காட்டினால் யோசியுங்கள். கார்டுக்குத் தகவல் போய்வர அது தரும் பாதை நாலே நாலுதான். இன்னொன்று, 5600ஜி-யையும் கொடுத்துக் கூடவே ஜிடி 730-ஐயும் சேர்த்து விற்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பதைவிட பலம் குறைந்த கார்டுக்குத் தனியாகப் பணம்!

பில்லைப் பற்றிப் பேசுவோம். 52,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9,360 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து வெள்ளைத்தாளில் வாங்கி வருகிறார்கள். வாரண்டி கேட்கும்போது சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில். பில் இல்லையென்றால் தயாரித்த தேதியிலிருந்து கணக்குப் போடும் கம்பெனிகள் உண்டு, கடையில் தூங்கிய மாதங்களும் உங்கள் கணக்கில்தான் கழியும். பில்லில் ஒவ்வொரு பொருளின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் வேண்டும். 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர் 1' என்று ஒரே வரியில் எழுதிய பில் எதற்கும் உதவாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். ஆனாலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள், யாரும் தட்டிக் கேட்பதில்லை. 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். சில சமயம் கடைக்காரர் அதற்கே இறங்கி வருவார். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம், என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் உங்கள் கார்டு மாடலே மார்க்கெட்டில் இருக்காது.

'தெரிந்தவர் மூலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கடையில் கமிஷன் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கை பிடித்து இழுப்பவரையாவது யார் என்று தெரியும், இந்தத் தெரிந்தவர்களைத்தான் நம்மால் எதுவும் கேட்க முடிவதில்லை.

பூட்டுவதை மகனே செய்யட்டும். ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும். இன்டெல் என்றால் பின்கள் மதர்போர்டில் இருக்கும், ரைசன் 5600 என்றால் பிராசஸரின் அடியிலேயே இருக்கும். எங்கே வளைந்தாலும் 'பிசிகல் டேமேஜ்' என்று வாரண்டியைக் கைகழுவிவிடுவார்கள், அதனால் பெட்டிகளைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். 'டிரே' என்று போட்டிருந்தால் கூலரும் வராது, கம்பெனி வாரண்டியும் வராது. பூட்டி முடித்த பிறகு பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ராம் செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ராம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மானிட்டர் விஷயம். பழையதில் பின்பக்கம் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும் இருந்தால், இன்றைய கார்டுகளில் அது கிடையாது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தற்காலிகமாக ஓட்டலாம். பழைய மானிட்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். வேலரன்ட் ஆடுகிறவனுக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். ஹார்டு டிஸ்க், ஆர்ஜிபி விளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 70,000-க்குள் ஒன்று சேர்க்கப் பாருங்கள், முடியாவிட்டால் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம். மாட்டும்போது, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகச் சொல்லுங்கள். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் 144 என்று மாற்றவும் சொல்லுங்கள். அதை மாற்றாமல் மாதக்கணக்கில் 60-லேயே ஆடிக்கொண்டு, மானிட்டர் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.