கேலிபரேஷன் தப்பில்ல, ஆண்ட்ரோமெடா நம்ம பக்கம் வருது
நண்பா, நீங்க எடுத்த ஸ்பெக்ட்ரத்துல (ஒளிய நிறம் நிறமா பிரிச்ச படம்) ஆண்ட்ரோமெடா கேலக்ஸியோட ஹெச்-ஆல்ஃபா கோடு, அதாவது ஹைட்ரஜனோட சிவப்பு ஒளிக் கோடு, 6563-ல வராம 6556 ஆங்ஸ்ட்ராம்ல (ஒளியோட அலைநீள அளவு) நிக்குது, கருவியோட கேலிபரேஷன், அதாவது அளவுத் திருத்தம், போச்சான்னு கேட்டிருந்தீங்க. போகல. அந்த கேலக்ஸி நொடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்துல நம்ம பக்கம் வந்துட்டிருக்கு, நம்ம பக்கம் வர்ற பொருளோட ஒளி அலைநீளம் குறையும், கணக்கு போட்டா கோடு ஆறரை ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கம் நகரணும், உங்களுக்கு அதேதான் வந்திருக்கு, அருமையான டேட்டா! சந்தேகம்னா அதே ஃப்ரேம்ல வானத்தோட ஆக்சிஜன் கோடுங்க 5577, 6300-ல சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க, அது நம்ம காத்துமண்டலத்துலேர்ந்து வர்றது, நகரவே கூடாது.

அடுத்த தடவ ஸ்லிட்ட (ஒளி உள்ள போற குறுகின பிளவு) கேலக்ஸியோட நடுவுல வைக்காதீங்க, அங்க நைட்ரஜன் கோடுதான் தூக்கலா இருக்கும், உங்களுக்கு 6577 பக்கம் தெரியும். தென்மேற்குல ஒரு வாயு மேகம், வடகிழக்குல ஒண்ணு எடுங்க, ரெண்டோட வேகத்தையும் கழிச்சுப் பாத்தா கேலக்ஸி சுத்துறதே கைக்கு வந்துடும். வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-ல இப்படி 67 மேகங்கள அளந்துதான் பேப்பர் போட்டாங்க.