முழு நன்னூலும் வேண்டாம், சொல் பிரிக்கப் பழகுங்கள்

குறுந்தொகையைத் திறந்தால் ஒரு வரியும் புரியவில்லை, நன்னூல் என்ற இலக்கண நூலை முழுக்க மனப்பாடம் செய்தால்தான் வழியா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. 40ஆம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: "யாயும் ஞாயும் யாரா கியரோ". இதில் 'கியரோ' என்று தனியாக ஒரு சொல்லே கிடையாது, 'யார் ஆகியரோ' என்பதைத்தான் பாட்டின் ஓசை அலகான சீருக்காக அப்படி வெட்டி அச்சிடுகிறார்கள், இது தெரியாமல் அகராதியைப் புரட்டினால் யாருக்குமே வெறுத்துப்போகும். நன்னூலின் எழுத்ததிகாரத்தில், உயிரெழுத்திலும் மெய்யெழுத்திலும் முடியும் சொற்கள் அடுத்த சொல்லோடு எப்படிச் சேரும் என்று சொல்லும் உயிரீற்றுப் புணரியலும் மெய்யீற்றுப் புணரியலும் இப்போதைக்குப் போதும். சொல்லதிகாரம் அப்புறம் பார்க்கலாம். இனி அந்தப் பாட்டின் சொற்கள்: யாய் என் தாய், ஞாய் உன் தாய், அடுத்த வரியில் எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. சரி, இந்த நான்கும் பிடிபட்டதும் உரையை மூடிவைத்துவிட்டு அந்தப் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள், எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.