குழல் மாற்றிப் பூட்டும் ரைபிளுக்கு எந்த ரிசீவர் நல்லது?

கேள்வி இதுதான்: "கனடாவில் இருக்கிறேன். உரிமம் உண்டு, கிளப்பிலும் உறுப்பினர். இலக்குச் சுடுதலுக்கு ஒரு குழல், மான் வேட்டைக்கு ஒரு குழல் என்று மாற்றிப் பூட்டக்கூடிய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்று கட்ட ஆசை. ரிசீவரைத் தனியாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?"

இதற்குக் கொக்குவிலில் ஒரு லேத் பட்டறைக்குள் இருந்துகொண்டு பதில் எழுதுவது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் துவக்கு என்று கொஞ்சம் உரத்துச் சொன்னாலே பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் நான் பதினெட்டு வருடம் நோர்வேயில் பட்டறை வேலை செய்தவன். அங்கே 1893இல் தொடங்கிய தன்னார்வச் சுடுநர் அமைப்புக்கு ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது, எங்கள் சனசமூக நிலையங்கள் மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளையும் வரும், பென்சன்காரரும் வருவார். கூட வேலை செய்தவர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். முதல் போட்டியில் எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "இதுகளைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சதுகளைப் பாத்தது காணாதோ?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு படம் அனுப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிசீவர் என்பது குழலும் போல்ட்டும் வந்து பூட்டுகிற நடு இரும்புக்கூடு. போல்ட் என்பது ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பிடி வைத்த தண்டு. குழலை மாற்றுகிறோம் என்று சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு முறையும் நாங்கள் புதிதாக அமைப்பது ஹெட்ஸ்பேஸைத்தான். போல்ட் பூட்டியபின் அதன் முகத்துக்கும், ரவை போய் முட்டி நிற்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம் அது. .308 ரவைக்கு, அளவு பார்க்க உள்ளே போடும் 'கோ' கேஜ் 1.630 அங்குலம், 'நோ-கோ' கேஜ் 1.634. முதலாவதைப் போட்டால் போல்ட் பூட்ட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் பூட்டக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தூரம் கூடிப்போனால் ரவையின் பித்தளைக் கோது இழுபட்டுப் பிளக்கும், கொதிவாயு பின்பக்கம் வரும். அந்தப் பக்கத்தில் இருப்பது உங்கள் கண்.

என் அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தவர், 1990இல் அது நிற்கும்வரை. "புரி பிடிக்கத்தான் தம்பி, இடம் சொல்லுறது தோள்" என்பார். தண்ணீர்ப் பம்பின் தண்டைப் பற்றிச் சொன்னது. ரைபிளுக்கும் அச்சொட்டாகப் பொருந்தும். நல்ல குழலில் புரி முடியும் இடத்தில் ஒரு தோள், அதாவது ஒரு படி, வெட்டியிருக்கும். அது ரிசீவரின் முகத்தில் போய் முட்டும்போது குழல் எத்தனை தரம் கழற்றிப் பூட்டினாலும் அதே இடத்தில் நிற்கும்.

ஆகவே கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த ரிசீவரை நான் அனுப்பாமலே, வரைபட அளவை மட்டும் வைத்து வேறொருவர் இதற்குக் குழல் வெட்டித் தருவாரா?" ஆம் என்றால் அந்த ரிசீவர்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத அளவுக்கு நெருக்கமாக வெட்டப்படுகின்றன என்று அர்த்தம். டிஃபையன்ஸ், இம்பாக்ட், ஸெர்மாட் போன்றவர்களின் ரிசீவர்கள் இதனால்தான் விலை போகின்றன. இப்படி அளவுக்குத் தோள் வெட்டி வரும் குழலை ஷோல்டர்ட் ப்ரீஃபிட் என்பார்கள், இது முதல் வழி. வேண்டிய குழலை எழுதிப் போட்டு எடுப்பித்து, வைஸிலும் ரென்ச்சிலும் வைத்து வீட்டிலேயே பூட்டலாம். பூட்டியபின் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வழி நட்டு. 1958இல் வந்த சாவேஜ் 110 இப்படித்தான். குழலில் தோள் இல்லை. கேஜை உள்ளே போட்டு, அதில் முட்டும்வரை குழலைத் திருகி, வெளியே ஒரு நட்டை இறுக்கி நிறுத்துவது. மலிவு, எளிது. ஒரு குழலைத் தேயும்வரை வைத்திருந்துவிட்டு அடுத்ததைப் பூட்டுகிறவருக்கு இது போதும். ஆனால் மாதத்துக்கு இரண்டு தரம் மாற்றப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தரமும் நீங்களேதான் தோள். எனக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. ரெமிங்டன் 700 ஒன்றுக்கு நட்டுப் போட்ட குழல் பூட்டினேன். கேஜ் சரி, இறுக்கம் சரி. ரைபிளைத் தாங்கும் தண்டுக்கட்டைக்குள் இறக்கினால் இறங்கவே இல்லை. அரை மணி நேரம் கட்டையைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த மாதிரியில், சுடும்போது வரும் உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் ரிக்கோயில் லக் என்பது குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் நசிந்து நிற்கிற ஒரு தனித் தகடு. நட்டை இறுக்கும்போது அதுவும் கூடவே ஒரு மயிரிழை திரும்பியிருக்கிறது. கிளப்பில் இருந்த கிழவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார். கேஜ் போடும்போது போல்ட்டிலிருந்து சுடும் ஊசியையும் கோதை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, பிடி தன் பாரத்தில் விழுகிறதா என்று பார்க்கப் பழக்கியவரும் அவர்தான். ஸ்பிரிங் உள்ளே இருந்தால் கை பொய் சொல்லும்.

அதனால் லக் ரிசீவரோடு ஒரே இரும்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிறு முளை வைத்து அசையாமல் நிறுத்தியிருக்க வேண்டும். குழல் மாற்றப் போகிறவருக்கு இதில் விட்டுக்கொடுப்பே இல்லை என்பது என் அபிப்பிராயம். டிக்கா T3xஇல் லக் கட்டைக்குள் இருக்கிறது, அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் பூட்டிய முதல் குழலைக் கழற்ற ஒரு நல்ல வைஸும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

மூன்றாவது வழி, எலன் கீயோடு முடிகிற வேலை. அக்யூரசி இன்டர்நேஷனல் AXMCஇல் ஒரு திருகைத் தளர்த்தினால் குழலைக் கையால் திருகி எடுக்கலாம். வசதிதான், விலையும் அப்படியே. பிளேஸர் R8 நேராக இழுக்கும் போல்ட், உங்கள் கேள்விக்குள் வராது. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது: தொலைநோக்கி அதில் குழலோடுதான் பூட்டப்படும். நீங்கள் கேட்கிற மாதிரி ரைபிளில் தொலைநோக்கி ரிசீவரில்தான் இருக்கும். குழலை மாற்றினால் குறியும் மாறும். ஒவ்வொரு குழலுக்கும் தொலைநோக்கியை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று கொப்பியில் எழுதி வையுங்கள், அப்புறமும் வேட்டைக்குப் போகுமுன் சில ரவைகள் சுட்டுச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது போல்ட் முகம், அதாவது ரவையின் அடி வந்து உட்காரும் குழியின் அகலம். .308, .243, 6.5 கிரீட்மோர் எல்லாவற்றுக்கும் ஒரே முகம், 0.473 அங்குலம். இந்தக் குடும்பத்துக்குள் இரண்டு குழலும் இருந்தால் குழலை மட்டும் மாற்றினால் போதும். .223க்குப் போனால் 0.378, .300 வின்செஸ்டர் மாக்னம் என்றால் இன்னும் பெரிது. போல்ட்டையே மாற்ற வேண்டும், அல்லது போல்ட் தலை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ரிசீவர் வேண்டும். நோர்வேக்காரரின் செல்லப்பிள்ளை 6.5×55 இருக்கிறதே, அதன் அடி .308ஐவிட ஒரு துளி பெரிது, 12.2 மி.மீ. இறுக்கமாக வெட்டிய 0.473 முகத்தில் அது உட்கார அடம்பிடிக்கும். ரவையும் நீளம், குட்டை ரிசீவரின் மகசினுக்குள் அடங்காது. அதில் ஆசை இருந்தால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ட்ரிகர், கட்டை, மகசின் எல்லாம் ரெமிங்டன் 700 அச்சில் அமைந்த ரிசீவர் என்றால் எங்கும் கிடைக்கும். போல்ட்டில் வரி வெட்டியிருக்கிறதா, என்ன நிறப்பூச்சு என்பதெல்லாம் கலியாண வீட்டு வாழைமரம். காசு மிச்சம் இருந்தால் கட்டுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கனடாவில் வெறும் ரிசீவரே சட்டப்படி ஒரு துவக்கு. அமெரிக்கக் கடையிலிருந்து நேரே எடுப்பித்தால் அங்கிருந்து ஏற்றுமதி அனுமதி, கனடாவில் இறக்குமதிப் பத்திரம் என்று இழுபடும். கனடிய விற்பனையாளரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது நிம்மதி. ஊருக்கு வரும்போது கேஜையோ போல்ட் தலையையோ மறதியாகப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். இங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் ஒன்றும் நடக்காது, கட்டுநாயக்காவில் அது என்ன இரும்பு என்று விளக்கிச் சொல்லவும் உங்களால் முடியாது. வன்னியில் பன்றிக்கு இடியன் துவக்கு வைத்திருந்த கதைகளைச் சித்தப்பாமார் சொல்வார்கள், அதை நம்பி வராதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒரு நல்ல தனி ரிசீவர், இரண்டு குழல், கேஜ்கள், வைஸ், ரென்ச் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அநேகமாக அந்தக் காசுக்குள் மானுக்கு ஒரு டிக்காவும், இலக்குக்கு ஒற்றைக் குழலோடு ஒரு ரிசீவரும் வந்துவிடும், குறியும் மாறாது. குழல் மாற்றும் ரிசீவரின் உண்மையான பலன், நிறையச் சுட்டு ஒரு குழலைத் தேய்த்து முடிக்கிறவருக்குத்தான். 6.5 கிரீட்மோர் குழல் இரண்டாயிரம் மூவாயிரம் ரவையோடு களைக்கத் தொடங்கும், அன்று ரைபிளைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அந்த அளவுக்குச் சுடுகிறீர்களா? சுடுகிறீர்கள் என்றால் தோள் வெட்டிய ப்ரீஃபிட் கிடைக்கிற, லக் ரிசீவரோடு ஒன்றாக இருக்கிற, 0.473 முகம் உள்ள ஒன்றை எடுங்கள். முதலில் ஒரு குழல் போதும். மான் குழலை அடுத்த வருடம் பார்க்கலாம்.