அப்பா அம்மாவோடு நுவேவோ புரோக்ரெசோ போய்வர

பி-2 என்ற சுற்றுலா விசாவில் டெக்ஸாஸின் மெக்காலனுக்கு வந்திருக்கும் அப்பா அம்மாவைப் பாலம் தாண்டி, மெக்சிகோவின் எல்லை ஊரான நுவேவோ புரோக்ரெசோவில் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் முதலில் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் பாருங்கள். தேதி தாண்டாமல், ‘என்ட்ரீஸ்’ என்ற இடத்தில் ‘எம்’ (பலமுறை நுழையலாம்) என்று இருக்கவேண்டும். அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் இந்தியர்களுக்குத் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. விசா காலாவதியாகியிருந்தால், ஐ-94 இல் (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) நாள் மிச்சமிருப்பது இதற்கு உதவாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். ஐ-94 அச்சுப்படியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

காரை டெக்ஸாஸ் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அமெரிக்கக் கார் காப்பீடு அங்கே பொதுவாகச் செல்லாது. பாலக் கட்டணத்துக்குச் சில்லறை வேண்டும். திரும்பும்போது கொய்யா, பச்சை முட்டை, உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். மது ஒரு பாட்டில் என்றாலும் டெக்ஸாஸ் வரி உண்டு. பெரியவர்களை வெயிலில் வரிசையில் நிற்கவைக்காமல் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.